மாதம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்!



பிள்ளை படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட நிறைந்திராது. ஒருநாள் மாலை, கையில் சில தாள்களோடு அப்பாவின் முன் வந்து நிற்பான். "அப்பா, பேங்க்ல கேரண்டர் கேக்குறாங்க. ஒரு சைன் மட்டும் போடுங்க. மாசம் ஆயிரத்துச் சொச்சந்தான், நானே கட்டிக்குவேன்" என்பான். அவன் வாங்க நினைப்பது வேலைக்குப் போய்வர ஏற்ற சிறிய மகிழுந்து அன்று. டர்போ பொருத்திய, மிதித்தவுடன் பாயும், தெருமுனையில் வரும்போதே ஓசையால் தன் வருகையை அறிவிக்கும் வண்டி அது.

நம் நாட்டில், நம் சமூகத்தில், எத்தனையோ வீடுகளில் நடைபெறும் உரையாடல் இது. இதைக் கேட்ட மாத்திரத்தில் நாம் வண்டியின் வேகத்தை எண்ணிக் கலங்குகிறோம். விபத்து நேருமோ, சம்மன் வருமோ, சாலைப் பந்தயத்தில் இறங்கிவிடுவானோ என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானதே. எனினும், அதைவிட அமைதியாக ஒரு குடும்பத்தைச் சாய்க்கும் ஆபத்து 'மாதம் ஆயிரத்துச் சொச்சம்' என்ற அந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

ஆசைப்படுவது குற்றமா?

முதலில் இளைஞர்கள் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்ல வேண்டும். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை' என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுவது எளிது. அஃது உண்மைக்கு நியாயம் செய்யாது.

தாத்தா தோட்டத்தில் மிதிவண்டியின் பின்னால் பால் வாளியைக் கட்டிக்கொண்டு சென்றவர். அப்பா கப்சாய் மோட்டாரில் மழையிலும் வெயிலிலும் தொழிற்சாலைக்குச் சென்று வந்தவர். அந்த வழியில் பிறந்த பேரன், சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் நான்கு சக்கரத்தை விரும்புகிறான். அதுவும் பிறர் திரும்பிப் பார்க்கும் நான்கு சக்கரத்தை விரும்புகிறான். வீடு வாங்க வசதியில்லை. நிலம் இல்லை. பரம்பரைச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 'நானும் ஓர் ஆள்' என்று ஊருக்குக் காட்ட அவன் கைக்கு எட்டுகின்ற முதல் பொருள் மகிழுந்துதான். அந்த ஏக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் நாம் கூறும் எந்த அறிவுரையும் அவன் செவியில் ஏறாது.

இன்னோர் உண்மையும் உண்டு. பெருநகரங்களை விட்டு வெளியே வந்தால், நம் நாட்டில் சொந்த வாகனம் இல்லாமல் வேலைக்குச் செல்வது கடினம். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் திரும்பும் பிள்ளைக்குப் பேருந்து எங்கே இருக்கிறது? ஆகவே, 'கடன் வாங்காதே, காரே வேண்டாம்' என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. வாகனம் வேண்டும், அதற்குக் கடனும் வேண்டியிருக்கலாம். எந்த வாகனம், எவ்வளவு கடன், எத்தனை ஆண்டுகள் என்பவையே நாம் பேச வேண்டியவை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஆசிரியர் அல்லவா, கரும்பலகையின் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை.

ஓர் இளைஞன் 100,000 ரிங்கிட் விலையுள்ள வண்டியை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 10,000 ரிங்கிட் முன்பணம். மீதி 90,000 ரிங்கிட் கடன். வட்டி ஆண்டுக்கு 3.5 விழுக்காடு. தவணைக் காலம் 9 ஆண்டுகள். நம் நாட்டில் வாகனக் கடனுக்கு நெடுங்காலமாக வழக்கில் இருந்து வந்துள்ள நிலை வட்டி முறைப்படி இதைக் கணக்கிடுவோம்.

90,000 × 3.5% × 9 = 28,350 ரிங்கிட் வட்டி.
மொத்தம் கட்ட வேண்டியது 118,350 ரிங்கிட்.
108 மாதங்களுக்கு வகுத்தால், மாதம் ஏறக்குறைய 1,096 ரிங்கிட்.

விற்பனையாளர் சொல்வது கடைசி வரியை மட்டுமே. முதல் இரண்டு வரிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 3.5 விழுக்காடு என்பதும் கேட்பதற்குச் சிறிய எண்ணாகவே தோன்றுகிறது. ஆனால், இந்த முறையில் ஒன்பது ஆண்டுகளும் முழு 90,000 ரிங்கிட்டுக்கே வட்டி கணக்கிடப்படுகிறது. ஆண்டுதோறும் முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறைவதில்லை. குறையும் முதலுக்கு ஏற்ப வட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால், உண்மையான வட்டி விகிதம் 6 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும்.

அடுத்தது, '78 விதி' என்று அழைக்கப்படும் முறை. 1 முதல் 12 வரையிலான எண்களைக் கூட்டினால் 78 வரும். பெயர் அதனால் வந்தது. இதன் சாரம் எளியது. கட்டும் தவணையில் வட்டியின் பெரும்பகுதி தொடக்க ஆண்டுகளிலேயே கழிக்கப்பட்டுவிடும். மேற்கண்ட இளைஞன் மூன்று ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் கட்டினான் என்று கொள்வோம். அவன் செலுத்தியது ஏறக்குறைய 39,450 ரிங்கிட். இப்போது 'கடனை முடித்துவிடுகிறேன்' என்று அவன் வங்கிக்குப் போனால், இந்த விதியின்படி இன்னும் ஏறக்குறைய 66,240 ரிங்கிட் கட்டச் சொல்வார்கள். அவன் கட்டியதில் 15,690 ரிங்கிட் வட்டிக்கே போயிருக்கும். அதே நேரத்தில் வண்டியின் சந்தை விலையும் இறங்கியிருக்கும். அவ்விலை மீதிக் கடனைவிடத் தாழ்ந்துவிட்டால், விற்றும் கடன் தீராது. வைத்திருக்கவும் முடியாமல், விற்கவும் முடியாமல் தவிப்பது இந்நிலையில்தான்.

சட்டங்களும் கணக்கிடும் முறைகளும் காலத்திற்கேற்ப மாறலாம். எந்த முறையாக இருந்தாலும், கையொப்பமிடும் முன் மாதத் தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அந்த ஒரு பெருக்கல் போதும்.

சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும்?

அவனுடைய சம்பளம் 2,800 ரிங்கிட் என்று கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 308 ரிங்கிட். சொக்சோ முதலியவற்றையும் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 2,470 ரிங்கிட். அதில் 1,096 ரிங்கிட் தவணைக்குப் போனால் மிஞ்சுவது 1,374 ரிங்கிட். பெட்ரோல், டோல், வாகன நிறுத்தக் கட்டணம், சாப்பாடு, வாடகை, கைப்பேசி, பி.டி.பி.டி.என். கல்விக் கடன், வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

வேகமான வண்டி வாங்கும்போது மட்டும் செலவு வைப்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் 1500 சிசி கொண்ட தனியார் மகிழுந்துக்குச் சாலை வரி 90 ரிங்கிட். 2000 சிசி என்றால் 380 ரிங்கிட். முதன்முறை வாகனம் வாங்குபவருக்குக் காப்புறுதியில் என்.சி.டி. கழிவு கிடையாது. கோரிக்கை ஏதும் இல்லாமல் ஆண்டுகள் கழிந்தால்தான் அது படிப்படியாக உயரும். ஆகவே, விலை உயர்ந்த வண்டிக்கு முழுக் காப்புறுதிக் கட்டணத்தையும் அவன் செலுத்த வேண்டும். டயர், பிரேக், என்ஜின் எண்ணெய் எல்லாமே அதே தரத்தில்தான் விலை சொல்லும். இத்தனையும் செய்து ஓட்டப்போவது எங்கே? நெடுஞ்சாலையில் உச்ச வேகமே மணிக்கு 110 கிலோமீட்டர்தான். காலை நேரத்துக் கூட்டரசு நெடுஞ்சாலையில் மைவியும் ஒன்றுதான், டர்போவும் ஒன்றுதான்!

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே இளைஞன் 45,000 ரிங்கிட்டுக்கு ஒரு சிறிய வண்டியை எடுத்து, 5,000 முன்பணம் கட்டி, 40,000 ரிங்கிட்டை அதே வட்டியில் 7 ஆண்டுகளுக்குக் கடன் பெற்றால், மொத்தம் கட்டுவது 49,800 ரிங்கிட். மாதம் ஏறக்குறைய 593. இரண்டு கடன்களுக்கும் இடையிலான வேறுபாடு 68,550 ரிங்கிட். 300,000 ரிங்கிட் வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் 30,000 ரிங்கிட். அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட தொகை இங்கே நெடுஞ்சாலையில் கரைகிறது. 23 வயதில் தொடங்கிய ஒன்பதாண்டுக் கடன் 32 வயதில் முடியும். மேற்கல்வி, திருமணம், முதல் வீடு என ஒருவன் வாழ்க்கைக்கு அடித்தளம் இடும் ஆண்டுகள் அவை.

வண்டி யாருடையது?

'என் கார்' என்று அவன் பெருமையோடு சொல்கிறான். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967, பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது. கடைசித் தவணை கட்டி முடியும்வரை அவன் வாடகைக்கு ஓட்டுபவன்தான். உரிமை கடன் கொடுத்தவரிடமே இருக்கிறது.

இச்சட்டத்தில் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில கூறுகள் உள்ளன.

1. விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு முன்பணமாகக் கட்டப்பட வேண்டும். 'முன்பணமே வேண்டாம்' என்ற விளம்பரத்தைக் கண்டால், அந்தப் பத்து விழுக்காடு எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். முன்பணத்துக்காகத் தனிநபர் கடனோ, அதைவிடக் கொடுமையாக ஆலோங்கிடம் கடனோ வாங்கினால், அது கடனுக்கு மேல் கடன்.

2. அடுத்தடுத்து இரண்டு தவணைகள் தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்து வண்டியைப் பறிமுதல் செய்யலாம். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டிருந்தால் நீதிமன்ற ஆணை தேவை. அறிவிப்புக் கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமல் அலமாரியின் மேல் போட்டுவிடாதீர்கள்.

3. வண்டியை இழுத்துச் சென்று ஏலம் விட்டாலும் கணக்கு முடிந்துவிடாது. ஏலத் தொகை போதாவிட்டால் மிச்சத்தைக் கட்ட வேண்டும். வண்டி இல்லாத வாசலுக்குக் கடன் கடிதம் வந்துகொண்டே இருக்கும்.

4. தவணை கட்ட முடியாதபோது சிலர் 'சம்போங் பாயார்' என்று வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். வங்கி அறியாமல் இவ்வாறு கைமாற்றுவது ஒப்பந்தத்திற்கு மாறானது. சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும். எடுத்தவர் கட்டாமல் தலைமறைவானால் கடனும் சம்மனும் முதல் பெயருக்கே வரும்.

அப்பாவின் கையெழுத்து

இப்போது தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாளுக்கு வருவோம்.

பிள்ளையின் சம்பளம் போதவில்லை என்பதால்தான் வங்கி உத்தரவாதம் அளிப்பவரைக் கேட்கிறது. கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட வங்கியே 'இவனால் மட்டும் கட்ட முடியுமா?' என்று ஐயுறுகிறது. அப்பாவின் கையெழுத்தைக் கேட்பதன் பொருள் அதுதான். அதனைக் கௌரவம் என்று எண்ணிவிடக்கூடாது.

2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, சொந்தப் பயன்பாட்டு வாகனத்திற்கு இலாப நோக்கமின்றி உத்தரவாதம் அளித்தவரைத் திவாலானவராக அறிவிக்க இயலாது. நல்ல பாதுகாப்புதான். ஆனால், கடனிலிருந்து அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டதாக எண்ணக்கூடாது. அவர்மீது வழக்குத் தொடரலாம். தீர்ப்பைக் கொண்டு அவருடைய சேமிப்பை நாடலாம். கடன் வாங்கிய பிள்ளைக்கோ அந்தத் திவால் பாதுகாப்பும் இல்லை. கடன் பாக்கி 100,000 ரிங்கிட்டை எட்டினால் அவன்மீது திவால் நடவடிக்கை எடுக்க வழியுண்டு. இந்த ஒரு கடன் அத்தொகையை எட்டாமல் போகலாம். கடன் அட்டை, தனிநபர் கடன் என்று ஒன்றோடொன்று சேரும்போது எட்டிவிடும். நம் நாட்டில் பல ஆண்டுகளாகத் திவாலுக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாக வாகனக் கடன் இருந்து வந்திருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

'அவனுக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டது, அவன் பணம், அவன் விருப்பம்' என்று சிலர் வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். அவன் கையெழுத்து அவன் உரிமை. அதேபோல் உங்கள் கையெழுத்து உங்கள் உரிமை. அதைத் தர மறுப்பது அன்பில்லாமை ஆகாது. திட்டித் தீர்த்துவிட்டு, அழுகைக்கும் கோபத்துக்கும் பணிந்து இறுதியில் கையெழுத்தையும் போட்டுவிடுவதே பல வீடுகளில் நிகழ்கிறது. அதனைத் தலைகீழாக மாற்றுங்கள். திட்டாதீர்கள்; கையெழுத்தும் போடாதீர்கள். அருகில் அமர்ந்து, ஒரு தாளை எடுத்து, மொத்தக் கணக்கை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 'உன் சம்பளத்துக்கு, உத்தரவாதம் இல்லாமல் எந்த வண்டிக்குக் கடன் கிடைக்கிறதோ அதை எடு. முன்பணத்துக்கு என்னால் ஆனதைத் தருகிறேன்' என்று சொல்லும் அப்பாவைப் பிள்ளை பகைவனாகக் கருதமாட்டான். அன்று முகம் சுளித்தாலும், பின்னர் புரிந்துகொள்வான்.

பிள்ளைகள் யாரிடம் கற்றார்கள்?

பெற்றோருக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாதத் தவணையை மட்டும் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் வீதியில் கற்கவில்லை. தொலைக்காட்சியும் மெத்தை நாற்காலியும் தவணையில் வந்த வீட்டில்தான் வளர்ந்தார்கள். பூப்பு நீராட்டு விழாவுக்கு மண்டபமும் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு விருந்தும் கடன் வாங்கி நடத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறார்கள். 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்ற சொல்லை நம் வாயிலிருந்தே ஆயிரம் முறை கேட்டிருக்கிறார்கள். நாம் மண்டபத்தில் காட்டிய பகட்டை அவன் சாலையில் காட்ட விரும்புகிறான். வேர் ஒன்றுதான். அதை விட்டுவிட்டுக் கிளையை மட்டும் வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

நம் ஆசிரியர்களுக்கு இங்கே பெரும் வாய்ப்பு இருக்கிறது. ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் பணம் என்னும் தலைப்பில் வட்டி, ஈவுத்தொகை, சொத்து, கடன் பொறுப்பு, காப்புறுதி ஆகியவை இடம்பெறுகின்றன. படிவம் மூன்றிலும் கடனும் வட்டியும் பாடமாக வருகின்றன. அப்படியிருக்க, நம் மாணவர்கள் வட்டியைத் தேர்வுக்காக மட்டும் கற்றுவிட்டு, வாழ்க்கையில் அதைக் கண்டதும் அடையாளம் தெரியாமல் நிற்பது ஏன்? பயிற்சி நூலில் வரும் எண்களில் அவர்கள் தம் வீட்டைக் காண்பதில்லை. மேலே நான் போட்ட கணக்கை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு மகிழுந்து விளம்பரத்தைப் பலகையில் ஒட்டி, 'மாதம் இவ்வளவு' என்று மட்டும் எழுதி, மொத்தம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த விடையைப் பார்த்து வியந்து கூவட்டும். அந்த வியப்பு அவன் நெஞ்சில் பத்தாண்டுகள் தங்கும்.

நன்னெறிப் பாடத்திற்கும் தமிழ்மொழிப் பாடத்திற்கும்கூட இதில் இடமுண்டு. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தை அரசனின் படைவலிமை பற்றியது என்றே பெரும்பாலும் விளக்கிவிடுகிறோம். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள்கள் வரவு செலவின் அளவையே பேசுகின்றன. படிவம் ஐந்து மாணவனிடம் அவற்றைக் கடன் ஒப்பந்தத்தோடு சேர்த்து விளக்கிப் பாருங்கள். வள்ளுவர் அவனுக்கு மிக அருகில் வந்து நிற்பார்.

ஏற்கெனவே கடனில் சிக்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை ஏசுவதால் தவணை குறையாது. பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக வழிகாட்டுகிறது. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. இரண்டாவது தவணை தவறுவதற்கு முன்னரே அங்கே செல்வது நல்லது. வெட்கப்பட்டு ஆலோங்கிடம் செல்லும் பிள்ளையை, கைபிடித்து அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதானால், அது ஒரு கேள்வியாக இருக்கட்டும். மகனோ மகளோ வண்டியின் படத்தைக் காட்டும்போது, 'மாதம் எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். 'மொத்தம் எவ்வளவு?' என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். அதுவரை பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

சிந்திப்போம்.